லேசர் ஷோ கன்ட்ரோலரில் மாடுலேஷன் வோல்ட்டேஜ் குறைவாக வருகிறதா? அளந்து கண்டுபிடித்துச் சரிசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

தனக்குள் இருக்கும் படங்களைத் தானே ஓட்டும் ஆட்டோ மோடில் போட்டால் லேசர் ப்ரொஜெக்டர் பளிச்சென்று எரிகிறது. அதையே கணினியிலிருந்து கன்ட்ரோலர், இல்டா கேபிள் (லேசர் ஷோ கருவிகளை இணைக்கும் 25 பின் கேபிள்) வழியாக ஓட்டினால் மங்கல். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால், 5 வோல்ட் இருக்க வேண்டிய சிவப்பு நிறத்தின் மாடுலேஷன் லைனில் (வெளிச்சத்தின் அளவைச் சொல்லும் சிக்னல் கம்பி) 2.5 அல்லது 3 வோல்ட்தான் காட்டுகிறது. இந்தக் கட்டத்தில் பெரும்பாலானவர்கள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து லேசர் டிரைவரில் (டயோடுக்குக் கரண்ட் தரும் போர்டு) உள்ள கெயின் பாட்டை, அதாவது பெருக்கத்தை மாற்றும் திருகை, திருகிவிடுகிறார்கள். வெளிச்சம் வந்துவிடும், வேலை முடிந்த மாதிரியும் தெரியும்.

சிக்கல் பிறகுதான் வரும். 2.5 வோல்ட்டுக்கே டயோடு முழு கரண்ட் வாங்கும்படி டிரைவரை வைத்தாயிற்று. அடுத்த வாரம் வேறொருவர் ஒழுங்காக 5 வோல்ட் தரும் கன்ட்ரோலரை அதே ப்ரொஜெக்டரில் மாட்டுகிறார். தனியாகக் கரண்ட் லிமிட் இல்லாத டிரைவராக இருந்தால் கரண்ட் இரண்டு மடங்காகும். 700 மில்லிஆம்பியர் தாங்கும் டயோடுக்குள் 1.4 ஆம்பியர் பாய்ந்தால் அதன் முகப்பு கருகி, அது வெறும் மங்கலான எல்இடியாக மாறிவிடும். டயோடு போனால் போனதுதான். அதனால் இந்த வழிகாட்டியில் டிரைவர் பாட்டைக் கடைசி வரை தொடப்போவதில்லை. வோல்ட்டேஜ் எங்கே குறைகிறது என்பதைக் கண்டுபிடித்து, அந்த இடத்திலேயே சரிசெய்வதுதான் முறை.

கைவைக்கும் முன்

500 மில்லிவாட்டுக்கு மேல் உள்ள எந்த லேசரும் நான்காம் வகுப்பு. நேர்க்கதிர் மட்டுமில்லாமல், சுவரில் பட்டுச் சிதறும் வெளிச்சம்கூட அருகிலிருந்து பார்த்தால் கண்ணைக் கெடுக்கும். நல்ல செய்தி என்னவென்றால், மாடுலேஷன் வோல்ட்டேஜை அளக்க லேசர் எரியவே வேண்டியதில்லை. முதல் பாதி சோதனைகளை ப்ரொஜெக்டரை இணைக்காமலே செய்யலாம். இரண்டாம் பாதியில் ப்ரொஜெக்டர் தேவைப்படும். அப்போதும் இன்டர்லாக்கை, அதாவது திறந்தால் லேசரை நிறுத்தும் பாதுகாப்புச் சுற்றை, திறந்தே வைத்து, டயோடுகளுக்குக் கரண்ட் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில ப்ரொஜெக்டர்களில் இன்டர்லாக் திறந்தால் உள்ளே எல்லா சப்ளையும் நின்றுவிடும். அப்படியானால் மூடியைக் கழற்றி, மின்சாரத்தை முழுமையாக நிறுத்திய பிறகு டயோடைக் கழற்றி, அதன் இடத்தில் போலி லோடு ஒன்றை மாட்டுங்கள். சாதாரண ரெக்டிஃபையர் டயோடுகளைத் தொடராகக் கோத்து, அவற்றோடு 1 ஓம் பவர் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்தால் போலி லோடு தயார். சிவப்புக்கு மூன்று நான்கு டயோடும், நீலத்துக்கு ஆறும் போதும். அந்த 1 ஓமின் மேல் எத்தனை மில்லிவோல்ட் விழுகிறதோ, அத்தனை மில்லிஆம்பியர் ஓடுகிறது என்று பொருள்.

மின்சாரம் இருக்கும்போது லேசர் டயோடைக் கழற்றவோ மாட்டவோ கூடாது. டிரைவரின் வெளியீட்டுக் கெபாசிட்டர் காலியாகும் வரை காத்திருந்துதான் மாட்ட வேண்டும். அதில் மிச்சமிருக்கும் சார்ஜே டயோடைக் கொன்றுவிடும்.

தேவைப்படும் கருவிகள் அதிகமில்லை: டிபி-25 ஸ்க்ரூ டெர்மினல் பிரேக்அவுட் போர்டு (25 பின்களையும் தனித்தனி ஸ்க்ரூவுக்குக் கொண்டுவருவது) ஆணும் பெண்ணுமாக இரண்டு, ஒரு மல்டிமீட்டர், ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், முடிந்தால் இரண்டு சேனல் ஆஸிலோஸ்கோப். ஆஸிலோஸ்கோப் இல்லையென்றாலும் முக்கால்வாசி வேலை நடக்கும்.

சரியான வோல்ட்டேஜ் எவ்வளவு?

குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது. இல்டா (சர்வதேச லேசர் காட்சிச் சங்கம்) தரத்தில் ஒவ்வொரு சிக்னலும் இரண்டு கம்பிகளில் போகிறது, ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ். ப்ரொஜெக்டர் பார்க்க வேண்டியது இவ்விரண்டுக்கும் இடையிலான வித்தியாசத்தை. வண்ண சிக்னல் முழு அளவில் இருக்கும்போது பிளஸ் கம்பி கிரவுண்டைப் பொறுத்து +2.5 வோல்ட்டிலும், மைனஸ் கம்பி −2.5 வோல்ட்டிலும் இருக்கும். வித்தியாசம் 5 வோல்ட். கதிரை அசைக்கும் ஸ்கேனருக்குப் போகும் எக்ஸ், ஒய் சிக்னல்களுக்கும் இதே ஏற்பாடுதான். ஒவ்வொரு கம்பியும் ±5 வோல்ட், வித்தியாசம் ±10 வோல்ட்.

சோதனைக்கு வேண்டிய பின்கள்:

எக்ஸ்: 1, 14
ஒய்: 2, 15
இன்டென்சிட்டி: 3, 16
இன்டர்லாக்: 4, 17
சிவப்பு: 5, 18
பச்சை: 6, 19
நீலம்: 7, 20
ஷட்டர்: 13
கிரவுண்டு: 25

ஒவ்வொரு ஜோடியிலும் முதல் எண் பிளஸ், இரண்டாவது மைனஸ். இன்டர்லாக் மட்டும் சிக்னல் அல்ல, அது ஒரு மூடிய சுற்று.

இப்போது ஒருவர் மீட்டரின் கறுப்பு முனையை 25ஆம் பின்னிலும் சிவப்பு முனையை 5ஆம் பின்னிலும் வைத்தால் என்ன வரும்? 2.5 வோல்ட். கன்ட்ரோலரில் ஒரு கோளாறும் இல்லை, அளந்த இடம்தான் தவறு. கறுப்பு முனையை 18ஆம் பின்னுக்கு மாற்றினால் 5 வோல்ட் வந்துவிடும். கன்ட்ரோலர் பழுது என்று பெட்டி கட்டித் திருப்பி அனுப்பும் முன் இந்த ஒரு அளவையாவது எடுத்துப் பாருங்கள்.

எல்லா கன்ட்ரோலர்களும் இப்படி இரு கம்பியில் பிரித்துத் தருவதில்லை. விலை குறைந்தவையும், வீட்டில் கட்டியவையும் பிளஸ் கம்பியில் முழு 0–5 வோல்ட் கொடுத்து, மைனஸ் கம்பியைக் கிரவுண்டோடு இணைத்துவிடும். வித்தியாசம் அப்போதும் 5 வோல்ட் என்பதால் ஒழுங்கான ப்ரொஜெக்டருக்கு இதில் சிரமம் இல்லை. உங்களுடையது எந்த வகை என்று தெரிய, 18ஆம் பின்னை 25ஆம் பின்னோடு ஒப்பிட்டு அளந்தாலே போதும். −2.5 வந்தால் முதல் வகை, பூஜ்யம் வந்தால் இரண்டாம் வகை. எண்ணே நிற்காமல் மிதந்துகொண்டிருந்தால் மைனஸ் கம்பி எதனோடும் இணைக்கப்படவில்லை. அது ஒரு தனிக் கோளாறு, கீழே வருகிறேன்.

முதல் படி: சோதனைக்கு ஏற்ற படம்

மல்டிமீட்டர் காட்டுவது சராசரியை. ஓடிக்கொண்டிருக்கும் ஷோவின் நடுவே அளந்தால், பிளாங்கிங் ஆகும் (கதிர் அணைந்து நகரும்) நேரமெல்லாம் பூஜ்யமாகக் கணக்கில் சேர்ந்துவிடும். ஓர் எழுத்து வரிசையை வரையும்போது நூற்றுக்கு 40 பங்கு நேரம் கதிர் அணைந்திருந்தால், முழு 5 வோல்ட் சிக்னலும் மீட்டரில் 3 வோல்ட் என்றுதான் தெரியும். எனவே மென்பொருளில் ஒரு முழு வட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வட்டத்தை இடையில் நிறுத்தி நிறுத்தி வரைய வேண்டியதில்லை, அதனால் பிளாங்கிங் இருக்காது. நிறம் வெள்ளை, மூன்று வண்ணமும் 255 (உச்ச அளவு). எஃபெக்ட், ஃபேடு, நிறச் சுழற்சி எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள்.

நகராத ஒற்றைப் புள்ளியை வைத்துச் சோதிக்க வேண்டாம். ஸ்கேனர் அசையாமல் நின்றால் மாடுலேஷனை வெட்டிவிடும் பாதுகாப்பு அட்டை பல ப்ரொஜெக்டர்களில் உண்டு. புள்ளி போன்ற சிறிய படங்களுக்கு வெளிச்சத்தைத் தானாகக் குறைக்கும் மென்பொருள்களும் உண்டு. இரண்டுமே உங்களை ஏமாற்றும்.

இரண்டாம் படி: மென்பொருள் அமைப்புகள்

படத்தில் வெள்ளை என்று இருந்தால் மூன்று லைனிலும் 5 வோல்ட் போகும் என்று நினைத்துவிடக் கூடாது. ப்ரொஜெக்டரில் பச்சையும் நீலமும் வலுவாக, சிவப்பு பலவீனமாக இருந்தால், வெள்ளை வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக யாராவது கலர் பேலன்ஸில் பச்சையை 70 சதவீதமாகக் குறைத்து வைத்திருப்பார்கள். அப்போது பச்சை லைனில் 3.5 வோல்ட் வருவதுதான் சரி. பாங்கோலின் குவிக்‌ஷோ போன்ற மென்பொருள்களில் ப்ரொஜெக்டர் அமைப்புகளுக்குள் ஒவ்வொரு நிறத்துக்கும் உச்ச அளவும் தாழ்ந்த அளவும் தனித்தனியாக இருக்கும். பழைய எண்களைக் குறித்து வைத்துக்கொண்டு, சோதனை முடியும் வரை உச்ச அளவை 100க்கு ஏற்றுங்கள்.

அப்புறம் மாஸ்டர் பிரைட்னஸ். வெளியிலிருந்து இயக்கும் மிடி கன்ட்ரோலரோ மேடை விளக்குகளுக்கான டிஎம்எக்ஸ் டெஸ்க்கோ இணைந்திருந்தால், அதிலுள்ள ஒரு ஃபேடர் பாதியில் நின்றாலும் வெளிச்சம் பாதிதான். பார்வையாளர் பக்கம் கதிரின் பலத்தைக் குறைக்கும் பீம் அட்டென்யுவேஷன் மேப் போன்ற வசதி இயக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இருந்தால் திரையின் ஒரு பகுதியில் மட்டும் வோல்ட்டேஜ் தாழும். வட்டத்தின் கீழ்ப்பாதி மட்டும் மங்கலாகத் தெரிந்தால் அதுதான் காரணம். சோதனைக்காக அதை நிறுத்த நேர்ந்தால் லேசர் எரியாத நிலையில் மட்டும் நிறுத்துங்கள், முடிந்ததும் முதல் வேலையாக மீண்டும் இயக்குங்கள்.

மூன்றாம் படி: லோடு இல்லாமல் அளத்தல்

கேபிளைக் கழற்றிவிட்டு, கன்ட்ரோலரின் சாக்கெட்டிலேயே பிரேக்அவுட் போர்டைச் செருகுங்கள். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து 5–18, 6–19, 7–20, 3–16 என்று நான்கு ஜோடிகளையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு பின்னையும் தனித்தனியாக 25ஆம் பின்னோடு அளந்து எழுதுங்கள். படத்தைக் கறுப்பாக்கிவிட்டு இன்னொரு முறை. கறுப்பில் பூஜ்யத்துக்கு வெகு அருகில் வர வேண்டும்.

ஆஸிலோஸ்கோப்பில் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. புரோபின் கிரவுண்டு கிளிப்பை 18ஆம் பின்னில் மாட்டாதீர்கள். மின்இணைப்பில் ஓடும் ஸ்கோப்பின் கிளிப் நேராக எர்த்தோடு சேர்ந்தது. கணினி வழியாகக் கன்ட்ரோலரின் கிரவுண்டும் எர்த்தில்தான் இருக்கும். அப்போது −2.5 வோல்ட் தர முயலும் ஆப்-ஆம்ப்பின் (சிக்னலைப் பெருக்கும் சிப்) வெளியீட்டை நீங்களே ஷார்ட் செய்கிறீர்கள். இரண்டு கிளிப்புகளும் 25ஆம் பின்னில், முதல் புரோப் 5இல், இரண்டாவது 18இல், ஸ்கோப்பின் கணக்கு வசதியில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பாருங்கள்.

லோடு இல்லாமல் 5 வோல்ட் முழுமையாக வந்தால் கன்ட்ரோலரை விட்டுவிடலாம். நான்காம் படிக்குப் போங்கள். வரவில்லை என்றால் கோளாறு பெட்டிக்கு உள்ளேதான், எந்த எண் வருகிறது என்பதே பாதி விடையைச் சொல்லும்.

3.5 வோல்ட்டுக்கு அருகில் ஒட்டிக்கொண்டு அதற்கு மேல் ஏறாமல் நின்றால், 5 வோல்ட் சப்ளையில் ஓடும் எல்எம்358 அல்லது எல்எம்324 வகை ஆப்-ஆம்ப்பைச் சந்தேகியுங்கள். இவற்றின் வெளியீடு சப்ளையைவிட ஏறக்குறைய 1.5 வோல்ட் கீழேயே நின்றுவிடும். டிஎல்072 போன்றவையும் இரு பக்கமும் அந்த அளவு இடைவெளி கேட்பவை. யுஎஸ்பியின் 5 வோல்ட்டை மட்டும் வைத்து மலிவாகக் கட்டிய போர்டுகளில் இது சாதாரணம். சப்ளையின் எல்லை வரை நெருங்கும் ரெயில்-டு-ரெயில் ஆப்-ஆம்ப் மாற்றினால் 5க்கு நெருங்கலாம், ஆனால் முழு 5 வராது. ஆப்-ஆம்ப்புக்கு ±12 வோல்ட் சப்ளை கொடுப்பதுதான் ஒழுங்கான தீர்வு.

3.3 வோல்ட் என்றால் மைக்ரோகன்ட்ரோலரின் பின் நேராக வெளியே வருகிறது. ஈஎஸ்பி32, ராஸ்பெரி பை ஆகியவற்றின் பின்கள் 3.3 வோல்ட்டில் ஓடுபவை. ‘ஆன்’, ‘ஆஃப்’ மட்டும் அறிந்த டிடிஎல் வகை லேசர் டிரைவருக்கு இது தாராளம், ஏனென்றால் டிடிஎல்லில் 2 வோல்ட்டைத் தாண்டினாலே ‘ஆன்’. 0–5 வோல்ட் அனலாக் டிரைவருக்கு அது 66 சதவீதம்தான். ஆர்டுயினோ டியூவின் டிஏசி (எண்ணை வோல்ட்டேஜாக மாற்றும்) பின்களோ இன்னும் விசித்திரம். அவை 0.55 முதல் 2.75 வோல்ட் வரைதான் போகும். அதாவது உச்சமும் குறைவு, அணைக்கும்போதும் பூஜ்யத்துக்கு இறங்காது. இவற்றுக்கெல்லாம் பெருக்கும் ஆப்-ஆம்ப் ஒன்று வேண்டும், டியூவுக்கு அடி அளவை இறக்கும் ஆஃப்செட்டும் சேர்த்து.

யுஎஸ்பி சவுண்டு கார்டை மாற்றியமைத்துக் கன்ட்ரோலராக ஓட்டுபவர்களுக்குக் கதை வேறு. வெளியீட்டில் உள்ள கெபாசிட்டர்களைத் தாண்டிக் கம்பி எடுக்காவிட்டால் டிசி வோல்ட்டேஜே வெளியே வராது. ஒரு நொடி மின்னிவிட்டு மெல்ல மங்குவதுதான் அதன் அடையாளம். கெபாசிட்டரைத் தாண்டினாலும் சவுண்டு கார்டு தருவது இல்டா அளவுக்குப் போதாது. கரெக்‌ஷன் ஆம்ப் (வோல்ட்டேஜைக் கூட்டிச் சரிசெய்யும் பெருக்கி) இல்லாமல் நேராகப் ப்ரொஜெக்டரில் மாட்டினால் வெளிச்சமும் குறையும், படமும் சுருங்கும்.

பிளஸ் கம்பி +2.5, மைனஸ் கம்பி பூஜ்யம், மொத்தம் 2.5 மட்டும் என்றால் நெகட்டிவ் சப்ளை செத்திருக்கலாம். பல சிறிய கன்ட்ரோலர்கள் +5 வோல்ட்டிலிருந்து ஐசிஎல்7660 போன்ற சிப்பையோ ஒரு சிறு டிசி-டிசி மாட்யூலையோ வைத்து நெகட்டிவ் வோல்ட்டேஜை உண்டாக்குகின்றன. இதை உறுதிசெய்ய எளிய வழி, எக்ஸ், ஒய் சிக்னலைப் பார்ப்பது. நெகட்டிவ் சப்ளை போயிருந்தால் படமும் ஒரு பக்கம் நசுங்கி, வட்டம் வட்டமாக இருக்காது. படம் ஒழுங்காக இருந்து நிறம் மட்டும் பாதியென்றால், அந்த ஒரு சேனலின் ஆப்-ஆம்ப் தான் குற்றவாளி.

எல்லா நிறமும் சேர்ந்து கொஞ்சமாகக் குறைந்து, 4.3 அல்லது 4.5 வோல்ட் என்று நின்றால் யுஎஸ்பி போர்ட்டைப் பாருங்கள். சொந்த சப்ளை இல்லாத ஹப்பில் மாட்டிய சாதனத்துக்கு 4.4 வோல்ட் வரை இறங்குவதை யுஎஸ்பி 2.0 தரமே அனுமதிக்கிறது. மெல்லிய நீண்ட யுஎஸ்பி கேபிளும் சேர்ந்தால் இன்னும் இறங்கும். கணினியின் போர்ட்டில் நேராக, குட்டைக் கேபிளில் மாட்டி மறுபடி அளந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நான்காம் படி: கேபிள்

லோடு இல்லாமல் 5 வோல்ட் இருந்தது, கேபிளின் மறுமுனையில் இல்லை. உடனே ‘கேபிள் நீளம் அதிகம், அதுதான் டிராப்’ என்று சொல்வார்கள். கணக்குப் போட்டால் அந்த வாதம் நிற்காது. டிபி-25 கேபிளில் உள்ள 28 கேஜ் கம்பிக்கு ஒரு மீட்டருக்கு சுமார் 0.21 ஓம். 20 மீட்டர் போக, வர சேர்த்து எட்டரை ஓம். ப்ரொஜெக்டரின் உள்ளீடு 10 கிலோ ஓம் என்றால் ஓடும் கரண்ட் அரை மில்லிஆம்பியர், இழப்பு 4 மில்லிவோல்ட் சொச்சம். நீளத்தால் வரும் கெபாசிட்டன்ஸும் அப்படியொன்றும் தொந்தரவு தராது. நொடிக்கு 30,000 புள்ளி (30 கிலோ பாயிண்ட்) வேகத்தில் ஒரு புள்ளிக்கு 33 மைக்ரோசெகண்டு கிடைக்கிறது, கேபிள் எடுத்துக்கொள்வது ஒரு மைக்ரோசெகண்டுக்குப் பக்கத்தில்.

கேபிளில் உண்மையான வில்லன் வேறு. டிபி-25 என்று கேட்டால் கடையில் எடுத்துத் தருவது பெரும்பாலும் பழைய பிரிண்டர் போர்ட்டுக்கான நீட்டிப்புக் கேபிள். பிரிண்டர் போர்ட்டில் 18 முதல் 25 வரை எல்லாப் பின்களுமே கிரவுண்டு. அதனால் செலவைக் குறைக்க, சில தயாரிப்பாளர்கள் கம்பிகளின் எண்ணிக்கையைக் குறைத்து அந்த எட்டுப் பின்களையும் உள்ளுக்குள் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறார்கள். பிரிண்டருக்கு இதனால் எந்தக் கெடுதலும் இல்லை. இல்டாவில் 18, 19, 20 என்பவை சிவப்பு, பச்சை, நீலத்தின் மைனஸ் கம்பிகள். அவை மூன்றும் 25ஆம் பின்னோடு சேர்ந்து கிரவுண்டாகிவிட்டால் மிஞ்சுவது பிளஸ் பக்கத்து 2.5 வோல்ட் மட்டும். மைனஸ் பக்க ஆப்-ஆம்ப்புகள் ஷார்ட்டை எதிர்த்துத் தள்ளிக்கொண்டே சூடாகும். மூன்று நிறமும் ஒரே நேரத்தில் சரியாகப் பாதியாகி, எக்ஸ், ஒய் மட்டும் கெடாமல் இருந்தால் முதலில் நான் சந்தேகிப்பது இதைத்தான்.

சோதனை எளிது. கேபிளை இரு பக்கமும் கழற்றி, மீட்டரை பீப் சத்தத்தில் வைத்து ஒவ்வொரு பின்னும் மறுமுனையின் அதே பின்னோடு மட்டும் பேசுகிறதா என்று பாருங்கள். பிறகு ஒரே முனையில் 18ஐயும் 25ஐயும் தொடுங்கள். சத்தம் வந்தால் அந்தக் கேபிளை பிரிண்டர் வைத்திருப்பவருக்கே கொடுத்துவிடலாம். சீரியல் போர்ட்டுக்கான நல் மோடம் கேபிளும் ஆகாது, அதில் பின்கள் குறுக்காக மாறியிருக்கும்.

ஐந்தாம் படி: லோடோடு அளத்தல்

இப்போது ப்ரொஜெக்டரை இணைத்து, இடையில் பிரேக்அவுட் போர்டுகளை வைத்து மறுபடி அதே ஜோடிகளை அளக்க வேண்டும். கழற்றியபோது 5, மாட்டியபோது 3.4 என்றால் கன்ட்ரோலரின் வெளியீட்டு ரெசிஸ்டருக்கும் ப்ரொஜெக்டரின் உள்ளீட்டுக்கும் இடையே வோல்ட்டேஜ் பங்கிடப்படுகிறது.

கன்ட்ரோலரின் வெளியீட்டு ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். ப்ரொஜெக்டரைக் கழற்றிவிட்டு 5க்கும் 18க்கும் நடுவே அதை மாட்டி அளங்கள். 5 வோல்ட் 3.4 ஆனால், குறைந்த 1.6ஐ மிஞ்சிய 3.4ஆல் வகுத்து 1000ஆல் பெருக்குங்கள். சுமார் 470 ஓம். இப்படிப்பட்ட கன்ட்ரோலர் 10 கிலோ ஓம் ப்ரொஜெக்டர் ஒன்றை எளிதாக ஓட்டும். இல்டா த்ரூ (சிக்னலை அடுத்த பெட்டிக்குக் கடத்தும் சாக்கெட்) வழியாக நான்கு ப்ரொஜெக்டர்களை வரிசையாக மாட்டினால் மொத்தம் 2.5 கிலோ ஓம் ஆகி, வோல்ட்டேஜ் 4.2க்கு இறங்கும். கண்ணுக்குத் தெரியும் அளவு மங்கல் அது. ஒவ்வொரு ப்ரொஜெக்டராகக் கழற்றிக்கொண்டே வந்து, எப்போது வோல்ட்டேஜ் ஏறுகிறது என்று பார்ப்பதுதான் வேகமான வழி. ஏதோ ஒன்றைக் கழற்றியதும் சட்டென்று ஏறினால் அந்தப் பெட்டியின் உள்ளீட்டில் கோளாறு. கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் எண்ணிக்கைதான் சிக்கல், நடுவில் சிக்னலை வலுப்படுத்தும் ஒரு பஃபர் அல்லது இல்டா ஸ்ப்ளிட்டர் தேவை.

மலிவு டிரைவர்களின் மாடுலேஷன் உள்ளீட்டில் ஆப்டோகப்ளர் (சிக்னலை ஒளி வழியாகக் கடத்தும் சிப்) இருப்பதும் உண்டு. அதற்குள் இருப்பது ஒரு எல்இடி. 1.2 வோல்ட்டில் திறந்துகொண்டு 10 மில்லிஆம்பியர் வரை கேட்கும். 470 ஓம் வெளியீட்டுக் கன்ட்ரோலரால் அதை 5 வோல்ட்டில் தூக்கிப் பிடிக்க முடியாது. சேர்த்தே இன்னொரு குறை: சாதாரண ஆப்டோகப்ளர் மெதுவானது. அணைய வேண்டிய நேரத்தில் வால் இழுக்கும், குட்டிக் கோடுகள் முழு வெளிச்சத்தை எட்டும் முன்பே முடிந்துவிடும். ஷோவுக்கு இந்த வகை டிரைவரே பொருத்தமில்லை என்பது என் கருத்து, மாற்றிவிடுவது நல்லது.

ஆறாம் படி: ப்ரொஜெக்டர் வித்தியாசத்தைப் பார்க்கிறதா?

இல்டா சாக்கெட்டில் லோடோடு 5 வோல்ட் இருக்கிறது, லேசர் டிரைவரின் மாடுலேஷன் கம்பியில் 2.5 தான் வருகிறது. இப்போது ப்ரொஜெக்டருக்குள் போயாயிற்று.

சில ப்ரொஜெக்டர்களில் 5, 6, 7 பின்களிலிருந்து நேராக டிரைவருக்குக் கம்பி போகும், மைனஸ் பின்கள் எங்கும் இணையாமல் தொங்கும். 0–5 வோல்ட் ஒற்றைக் கம்பி கன்ட்ரோலரோடு இது ஒழுங்காக ஓடும். தரப்படி ±2.5 தரும் நல்ல கன்ட்ரோலரை மாட்டினால்தான் மங்கும். ‘விலை உயர்ந்த கன்ட்ரோலர் வாங்கினேன், வெளிச்சம் குறைந்துவிட்டது’ என்ற புலம்பலுக்குப் பின்னால் இருப்பது இதுதான்.

இதற்கு எதிர்மாறான நிலையும் உண்டு. ப்ரொஜெக்டரில் ஒழுங்கான வித்தியாசப் பெருக்கி இருக்கிறது, வீட்டில் கட்டிய கன்ட்ரோலரில் மைனஸ் பின்கள் கிரவுண்டோடு சேர்க்கப்படாமல் விடப்பட்டுள்ளன. நான்கு சம ரெசிஸ்டர்கள் கொண்ட அந்தப் பெருக்கியில் மைனஸ் உள்ளீடு மிதந்தால், அது பிளஸ் பக்கத்தில் ஏற்கெனவே பாதியாகப் பங்கிடப்பட்ட வோல்ட்டேஜை அப்படியே வெளியே கொடுக்கும். 5 உள்ளே போனால் 2.5 வெளியே. இங்கே தீர்வு மூன்று கம்பித் துண்டுகள்தான்: கன்ட்ரோலர் பக்கம் 18, 19, 20 பின்களை 25ஓடு சேர்க்க வேண்டும். இதை ஒற்றைக் கம்பி கன்ட்ரோலரில் மட்டும் செய்யுங்கள். ±2.5 தரும் கன்ட்ரோலரில் செய்தால் மேலே சொன்ன பிரிண்டர் கேபிள் கதைதான்.

இன்டென்சிட்டி லைனையும் மறக்க வேண்டாம். சில ப்ரொஜெக்டர்கள் மூன்று நிறத்தையும் 3ஆம் பின்னில் வரும் அளவால் பெருக்குகின்றன. கன்ட்ரோலர் அந்தப் பின்னில் எதுவும் அனுப்பாவிட்டால் நிறங்கள் 5 வோல்ட்டில் இருந்தாலும் வெளிச்சம் வராது, அரைகுறையாக அனுப்பினால் மங்கும். 13ஆம் பின்னில் ஷட்டர் சிக்னல் வரவில்லையென்றால் ஒன்றுமே வராது.

பிறகு கிரவுண்டு. டிரைவரின் பவர் திரும்பிப் போகும் கம்பியும் மாடுலேஷனின் கிரவுண்டும் ஒரே மெல்லிய கம்பியாக இருந்தால், 5 ஆம்பியர் ஓடும்போது வெறும் 0.05 ஓமிலும் கால் வோல்ட் விழும். அந்தக் கால் வோல்ட் மாடுலேஷனிலிருந்து கழிந்துவிடும். அடையாளம் தெளிவானது: ஒரு நிறம் மட்டும் எரிந்தால் சரியாக இருக்கும், மூன்றும் எரிந்தால் எல்லாம் சேர்ந்து தாழும். ஒவ்வொரு டிரைவரின் பவர் கிரவுண்டையும் சப்ளையின் ஒரே புள்ளிக்குத் தனித்தனியாகத் தடித்த கம்பியில் கொண்டுபோக வேண்டும். ஜெனரேட்டரில் ஓடும் திருவிழா மேடைகளில் கணினியும் ப்ரொஜெக்டரும் வெவ்வேறு லைனில் இருந்து, எர்த் சரியில்லாமல் போனால் இதே தொல்லை வெளியிலிருந்தும் வரும். வித்தியாசத்தைப் பார்க்கும் ப்ரொஜெக்டர் இதைப் பெருமளவு தாங்கிக்கொள்ளும், ஒற்றைக் கம்பி ப்ரொஜெக்டர் தாங்காது.

ஏழாம் படி: பெருக்கி கட்டுதல்

ஒற்றைக் கம்பி ப்ரொஜெக்டரை ஒழுங்குபடுத்த ஒரு நிறத்துக்கு ஓர் ஆப்-ஆம்ப் போதும். பிளஸ் பின்னிலிருந்து 10 கிலோ ஓம் வழியாக ஆப்-ஆம்ப்பின் நான்-இன்வெர்ட்டிங் உள்ளீட்டுக்கு, அங்கிருந்து இன்னொரு 10 கிலோ ஓம் கிரவுண்டுக்கு. மைனஸ் பின்னிலிருந்து 10 கிலோ ஓம் வழியாக இன்வெர்ட்டிங் உள்ளீட்டுக்கு, அங்கிருந்து 10 கிலோ ஓம் வெளியீட்டுக்கு. நான்கும் 1 சதவீத ரெசிஸ்டர்களாக இருக்கட்டும். வெளியீட்டில் 100 ஓம், அதற்குப் பின் கிரவுண்டுக்கு 5.1 வோல்ட் ஜீனர். ஏதாவது தவறி 10 வோல்ட் போனாலும், வெளியீடு நெகட்டிவ்வில் சரிந்தாலும், டிரைவருக்கு எட்டாமல் ஜீனர் பிடித்துவிடும். ரெசிஸ்டர் பொருத்த விருப்பமில்லாதவர்கள் ஐஎன்ஏ134 வாங்கலாம், அதற்குள் ரெசிஸ்டர்கள் துல்லியமாகப் பொருத்தப்பட்டே வருகின்றன.

சப்ளைக்கு ±12 அல்லது ±15 வோல்ட். ஸ்கேனரின் சப்ளையிலிருந்து எடுக்கத் தோன்றும். எடுக்கும் முன் அது எத்தனை வோல்ட் என்று அளந்துவிடுங்கள். ±24 வோல்ட்டில் ஓடும் ஸ்கேனர்கள் உண்டு, டிஎல்072 தாங்குவது ±18 வரைதான். போர்டைக் கட்டியதும் டிரைவரோடு இணைக்காமல் முதலில் தனியாகச் சோதியுங்கள்: கறுப்புப் படத்துக்குப் பூஜ்யம், வெள்ளைக்கு 5.

மாடுலேஷன் வோல்ட்டேஜ் கூடும்போது, முன்பு யாரேனும் டிரைவர் கெயினைக் கூட்டி வைத்திருந்தால் அது இப்போது ஆபத்து. பெருக்கியை இணைக்கும் முன் டிரைவர் கெயினைத் தாழ்த்திவிட்டு, போலி லோடை மாட்டி, 5 வோல்ட்டில் டயோடின் அனுமதிக்கப்பட்ட கரண்ட் வரும்வரை மெல்ல ஏற்றுங்கள். பாட்டைத் தொடும் நேரம் இப்போதுதான். கெயினை முடித்துவிட்டு த்ரெஷோல்டு பாட்டுக்கு வாருங்கள். டயோடு எரியத் தொடங்கும் கரண்ட்டுக்கு ஒரு முடி கீழே அது நிற்க வேண்டும். கூடினால் கறுப்பிலும் லேசாக எரியும், குறைந்தால் மங்கலான நிறங்கள் தொலைந்துபோகும். த்ரெஷோல்டை மாற்றினால் உச்ச கரண்ட்டும் நகரும், அதனால் கெயினை மறுபடி ஒரு தடவை சரிபாருங்கள்.

5 வோல்ட் வந்தும் மங்கலாக இருந்தால்

டிரைவரின் மாடுலேஷன் முனையிலேயே 5 வோல்ட் நிற்கிறது, போலி லோடில் சரியான கரண்ட்டும் வருகிறது, உண்மையான டயோடை மாட்டினால் வெளிச்சம் மட்டும் இல்லை என்றால் கன்ட்ரோலரையும் கேபிளையும் விட்டுவிடலாம். சிவப்பு மட்டும், அதுவும் ஓடஓடக் குறைந்தால் வெப்பம்தான். 638 நானோமீட்டர் சிவப்பு டயோடுகள் சூட்டை மற்ற இரண்டைவிட மோசமாகத் தாங்குபவை. விசிறியையும் ஹீட்சிங்க்கின் தூசியையும் பாருங்கள். ஒரு நிறத்தின் கோடு மற்ற நிறங்களை விட்டு விலகி, ஓரத்தில் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் நிறங்களை ஒன்றுசேர்க்கும் டைக்ரோயிக் கண்ணாடி நகர்ந்திருக்கிறது. எல்லா நிறமும் ஒரே அளவில் மங்கி, சுற்றிலும் புகைபோன்ற ஒளிவட்டம் இருந்தால், ஹேஸ் (மேடைப் புகை) எண்ணெய் படிந்த வெளியேறும் கண்ணாடியை மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்தால் போதும்.